அளந்த நிலம் – 9: பரங்கிமலையில் போட்ட சங்கிலி

சென்ற வாரம் கிள்ளான் போர் ஓய்ந்து, சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்து சேர்ந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். வந்தவர்களுக்கு வரி வேண்டும். வரி போட நிலக்கணக்கு வேண்டும். கணக்கு எழுத எல்லை தெரிய வேண்டும். 1875 வாக்கில் இந்த மாநிலத்தின் உட்பகுதிக்கு நம்பத்தக்க வரைபடமே கிடையாது. லங்காட் ஆற்றங்கரையில் காஜாங் என்றொரு குடியிருப்பு உண்டு, படகில் போகலாம், மண்ணில் ஈயம் கிடைக்கும் என்பது வரை தெரியும். அந்தக் குடியிருப்பு உலக உருண்டையில் சரியாக எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

பதில் கிடைத்த கதையைச் சொல்ல முதலில் சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது.

காரணம் நம் பழைய நிலப்படங்களிலேயே இருக்கிறது. காஜாங் வட்டாரத்தின் பழைய நிலப்படத் தாள் கிடைத்தால் எல்லோரும் முதலில் தங்கள் தோட்டத்தைத் தேடுவார்கள். பிறகு ஆறு, ரயில் பாதை, கோவில். தாளின் கீழோரத்தில் பொடி எழுத்தில் சில குறிப்புகள் இருக்கும். பூமியின் வடிவத்துக்கு எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு படம் வரைந்தார்கள் என்பதும் அதில் ஒன்று. அங்கே இருப்பது எவரெஸ்டின் பெயர். கூடவே ‘திருத்தப்பட்டது’ என்று ஓர் ஒட்டு. பூமி சீரான உருண்டை அல்ல. துருவங்களில் தட்டையானது, நடுவில் சற்றுப் புடைத்தது. எவ்வளவு தட்டை, எவ்வளவு புடைப்பு என்று முடிவு செய்யாமல் பெரிய நிலப்பரப்பு எதையும் படமாக்க முடியாது. தீபகற்ப மலேசியாவின் பழைய படங்களுக்கு அடியில் கிடப்பது ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வெளியிட்ட கணக்கு. அந்தக் கணக்கின் வேர் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல். கையில் இருந்தது நூறடி நீள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பதைக் கோத்துச் செய்தது. இங்கிலாந்தின் மெக்கார்ட்னி பிரபு சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன பரிசுகளில் அதுவும் ஒன்று. பீக்கிங் அரண்மனை அதை ஏற்கவில்லை. தூதுக்குழுவில் இருந்த டின்விடி என்பவரிடம் தங்கி, கல்கத்தாவில் விலைபோய், கடைசியில் லாம்டனிடம் வந்தது.

எஃகு வெயிலில் நீளும், பனியில் குறுகும். சென்னையின் ஏப்ரல், மே வெயில் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அதனால் சங்கிலியை வெறுந்தரையில் போடவில்லை. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, சங்கிலியை அவற்றுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்தார்கள். வெப்பத்தைக் குறித்துக்கொண்டு நீளத்தைத் திருத்தினார்கள். பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த நூறடி. இப்படி நானூறு தடவை. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நீண்டதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு மலை உச்சிக்கும் சங்கிலியைச் சுமக்க வேண்டியதில்லை.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. லண்டனிலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மடக்கிப் பிடித்து, கருவியை மொரிஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர்க்காலத்திலும் அறிவியலுக்கு இருந்த மதிப்பு அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. சமவெளியில் மலை கிடையாது, கோவில்தான் மலை. லாம்டன் வேறு கருவிக்குக் காத்திருக்கவில்லை. வளைந்த வட்டத்தை வாரக்கணக்கில் தட்டித் தட்டித் தாமே நேராக்கினார்.

1823இல் லாம்டன் இறந்தார். பின்வந்த எவரெஸ்டின் பெயர் உலகின் உயர்ந்த மலைக்கே வைக்கப்பட்டது. லாம்டனின் பெயர் அளவைக்காரர்களைத் தாண்டி வெளியே போகவில்லை. எவரெஸ்டின் கருவிகளைப் பழுதுபார்த்துப் புதிதாக வடித்துக் கொடுத்தவர் ஆர்க்காட்டிலிருந்து வந்த சையத் மீர் மொஹ்சின் உசேன் என்ற கைவினைஞர். அவர் பெயர் ஆவணங்களில் இருப்பதே பெரிய விஷயம். மரப்பெட்டிகளைத் தூக்கியவர்கள், மலையுச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. இந்தத் தொடரில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வரப்போகிறது.

சென்னைக்கும் மலாயாவுக்கும் இரண்டாவது தொடர்பு கடலடியில் ஓடியது. 1870-71இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் இணைத்துத் தந்திக் கம்பி போட்டார்கள். செய்தி அனுப்பத்தான் போட்டார்கள் என்றாலும், தீர்க்கரேகையை அளக்கவும் அதைவிட நல்ல கருவி அன்று இல்லை. இரண்டு ஊர்களிலும் நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும் கணத்தைப் பார்த்து அந்தந்த ஊரின் நேரத்தைத் திட்டமாகக் கணிப்பார்கள். கம்பி வழியாக ஒரு குறி அனுப்பி இரண்டு கடிகாரங்களையும் ஒப்பிடுவார்கள். நேர வித்தியாசம்தான் தீர்க்கரேகை வித்தியாசம். 1881இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிரீன் இந்த முறையில் சிங்கப்பூரின் இடத்தைச் சென்னை வானாய்வகத்தின் பழைய கருவியோடு ஒப்பிட்டுக் கணித்தார். சென்னை, கிரீன்விச்சுக்குக் கிழக்கே 5 மணி 20 நிமிடம் 59.42 வினாடி. அதிலிருந்து சிங்கப்பூரின் பழைய கப்பல் பட்டறைக்குக் கிடைத்த தீர்க்கரேகை 103 பாகை 51 கலை 16 விகலை.

இந்த எண் எங்கோ ஒரு நூலகத்தில் தூங்கவில்லை. 1901 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரின் நேரமே சிலாங்கூர் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் பொது நேரம் ஆனது. காஜாங்குக்கு ரயில் வந்தது 1897இல். ஆக 1905 ஜூனில் கிரீன்விச்சை விட ஏழு மணி நேரம் முந்திய புதிய நேரம் வரும்வரை, காஜாங் ஸ்டேஷன் கடிகாரம் காட்டிய நேரம் நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தை வைத்துக் கணித்ததுதான். கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன ரயில் அந்த நேரப்படிதான் ஓடியது.

சிலாங்கூருக்குள் முதலில் அளவைக் கருவியோடு நடந்தவர்களில் டொமினிக் டேலி முக்கியமானவர். மாநிலத்தின் பொதுப்பணி, நில அளவைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1869இல் ஆஸ்திரேலியாவின் வடகோடியில், இன்று டார்வின் நகரம் இருக்கும் இடத்தை கோய்டர் என்பவரின் குழு அளந்தபோது அதில் இருந்தவர். அங்கிருந்து இங்கே வந்து, ஆறுகளைப் பிடித்து உள்ளே போய், 1875 முதல் 1882 வரை மலாய் மாநிலங்களில் தாம் அளந்ததை லண்டன் புவியியல் கழகத்தில் படித்தார். அவருடைய படத்தில் ஆறுகள் நன்றாக இருக்கும். ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் நிலம் பெரும்பாலும் வெள்ளைத் தாள்தான். படகு போன இடம்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது டேலி மட்டுமல்ல. இன்று உங்கள் வீட்டு கிராண்டுக்கு, அதாவது நில உரிமைப் பத்திரத்துக்கு, உயிர் கொடுக்கும் சட்டமும் அங்கிருந்து வந்ததுதான். தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் டோரன்ஸ் என்பவர் பெயரால் ஒரு முறை நடைமுறைக்கு வந்தது. நிலம் யாருடையது என்பதற்குப் பழைய பத்திரக் கட்டுகளைத் துழாவ வேண்டாம். அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது அதன் சாரம். வில்லியம் மேக்ஸ்வெல் சிலாங்கூரின் ரெசிடென்டாக இருந்தபோது, 1891இல், இந்த முறை இங்கே சட்டமானது. 1965இன் தேசிய நிலச் சட்டமும் அதே அடித்தளத்தில் நிற்கிறது. இந்த முறைக்கு ஒரு கட்டாயத் தேவை உண்டு. பதிவேட்டில் ஒரு வரி எழுத, அந்தத் துண்டு நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கல் நட்டு, கோணமும் நீளமும் எழுதிய பிளான் இருக்க வேண்டும். பிளான் இல்லாத நிலம் சட்டத்தின் கண்ணில் பாதி நிலம்தான்.

சட்டம் வந்த நேரம்தான் ரப்பர் வந்த நேரமும். 1890களின் நடுவில் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்டார்கள். வணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களில் அது ஒன்று. கார் டயர்களுக்கு ரப்பர் தேவைப்பட்டதும் லண்டன் பணம் கொட்டியது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் சிலாங்கூர் காடு துண்டு துண்டாக விண்ணப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அளவை. ஒவ்வொரு அளவைக்கும் ஆள். எங்கே போவது?

அரசு யாழ்ப்பாணம் பக்கம் திரும்பியது. மிஷன் பள்ளிகள் அங்கே இரண்டு தலைமுறையாக ஆங்கிலமும் கணிதமும் கற்றுக் கொடுத்திருந்தன. முக்கோணவியல் தெரிந்த, அழகாக எழுதும் இளைஞர்கள் இருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு வேலை இல்லை. ரயில்வே, கருவூலம், பொதுப்பணி, நில அளவை என்று மலாயாவின் அலுவலகங்கள் அவர்களால் நிரம்பின. நில அளவையாளர், படம் வரைபவர், கணக்குச் சரிபார்ப்பவர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் வாழ்நாளைக் கழித்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் நிற்கும் கந்தசுவாமி கோவில் இப்படி வந்த அரசு ஊழியர்களின் சம்பளத்தில் எழுந்ததுதான்.

அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கன்டர் சங்கிலி என்பது 66 அடி, நூறு கண்ணிகள். எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கணக்குக்கு இவ்வளவு வசதியான அளவு வேறில்லை. ஆனால் உலு லங்காட் காட்டில் இருபதடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. எனவே முதலில் ரெந்திஸ் வெட்ட வேண்டும்: மரம், கொடி, மூங்கில் எல்லாவற்றையும் சாய்த்து ஒரு நேர்ச்சந்து. மலாய்க்காரர், ஓராங் அஸ்லி, தமிழர் என்று வெட்டுக் கத்தி பிடித்தவர்கள் பலர். சந்தின் இந்த முனையில் தியோடலைட்; அந்த முனையில் கம்பு பிடித்து ஒருவர். கோணத்தைப் படித்ததும் சங்கிலி இழுப்பார்கள். சரிவில் இழுத்தால் நீளம் கூடிவிடும். சாய்வுக் கோணத்தைப் பார்த்துச் சமதள நீளத்துக்கு மாற்ற வேண்டும். சதுப்பில் முக்காலி இறங்கிக்கொண்டே போகும். மதியம் மழை. அட்டை. மலேரியா. சாயங்காலம் கூடாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் அன்றைய கோணங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். நிலத்தைச் சுற்றி வந்த கோடு தொடங்கிய கல்லிலேயே போய் முட்ட வேண்டும். முட்டாமல் தவறினால் மறுநாள் திரும்பவும் அதே சந்து, அதே அட்டை.

தனித்தனி நிலத்துண்டுகளை இப்படி அளந்தால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று பொருந்த நாடு முழுவதற்கும் ஒரே முக்கோண வலை வேண்டும். பேராக்கில் ஒன்று, புக்கிட் ஆசாவை மூலமாகக் கொண்டு இன்னொன்று என்று தனித்தனியாகத் தொடங்கிய வலைகள், 1910களில் ரெப்சோல்ட் கருவிகளால் செய்த முதல்நிலை அளவையில் இணைந்தன. போருக்குப் பின் 1948இல் பகாங்கின் கெர்த்தாவ் குன்றை மூலப்புள்ளியாக வைத்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டார்கள். 1968இல் முடிந்த வலையில் மிக உயர்ந்த தரத்தில் 77 புள்ளிகள், அடுத்த தரத்தில் 240. இத்தனைக்கும் பூமி வடிவம் எவரெஸ்டின் கணக்குத்தான். அவர் அடியில் எழுதியதை மீட்டருக்கு மாற்றும்போது இந்தியா ஒரு விகிதத்தையும் மலாயா வேறொரு விகிதத்தையும் எடுத்துக்கொண்டதால், பூமியின் அரைவிட்டம் இரண்டு நாட்டுப் படங்களிலும் 27 மீட்டருக்கு மேல் வேறுபடுகிறது. படத்தோரத்தில் இருக்கும் ‘திருத்தப்பட்டது’ என்ற ஒட்டின் பின்னணி இதுதான்.

நீள அகலம் ஆயிற்று, உயரம்? மலையின் உயரம் எவ்வளவு என்றால் எதிலிருந்து என்ற கேள்வி வரும். கடல் மட்டத்திலிருந்து என்பது சுலபமான பதில். ஆனால் கடல் ஒரு மட்டத்தில் நிற்பதில்லை. கிள்ளான் துறைமுகம் அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம், திறந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. 1911-12இல் ‘வாட்டர்விட்ச்’ என்ற பிரிட்டிஷ் அளவைக் கப்பல் அங்கே மாதக்கணக்கில் அலை ஏற்றஇறக்கத்தைப் பதிந்து, அதன் சராசரியைக் கணித்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் தீபகற்பத்தின் உயரக் கணக்கெல்லாம் அந்தச் சில மாதப் பதிவின் மேல்தான் நின்றது. 1984 முதல் 1993 வரை பத்தாண்டு பதிவை வைத்து அதே கிள்ளான் துறைமுகத்தில் புதிதாகக் கணித்தார்கள். காஜாங்கின் தாழ்ந்த பகுதிகளில் லங்காட் ஆறு பெருகும்போது எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று கணிக்கும் பொறியாளர், கிள்ளான் கரையின் அந்தச் சராசரியிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்.

இனி மண்ணுக்கு அடியில்.

மலாயா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக ஈயத்தில் ஏறக்குறைய பாதியைத் தோண்டியது. ஆனால் அரசுக்கென்று நிலவியலாளர் ஒருவர் 1903இல்தான் வந்தார்: ஜே. பி. ஸ்க்ரிவனர். பத்து காஜாவைத் தளமாகக் கொண்டு வேலை செய்தார். சீனச் சுரங்கக்காரர்கள் அதற்கு முன்பே டூலாங் தட்டில் மண்ணை அலசி, கறுப்பு மணலின் கனத்தைக் கையால் உணர்ந்து, எங்கே ஈயம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்க்ரிவனர் தேடியது ஏன் அங்கே இருக்கிறது என்பதை. நடுமலைத் தொடரின் கருங்கல் உருகிய நிலையில் மேலெழுந்தபோது, சுற்றியிருந்த பழைய பாறைகளில் ஈயத் தாது படிந்தது. மழையும் ஆறும் அதை அரித்துத் தாழ்நிலத்தில் சேர்த்தன. அடியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால், நீர் அரித்த பள்ளங்களில் தாது தங்கிவிடும். சுங்கை பீசி தொடங்கி காஜாங் வரை ஈயக் குழிகள் இருந்ததற்குக் காரணம் இதுதான். சுங்கை பீசியின் பெரிய குழியில் இன்று படகுச் சவாரி நடக்கிறது.

ஸ்க்ரிவனர் ஒரு கருத்தில் பிடிவாதமாக இருந்தார். கிந்தாவின் கோப்பேங் களிமண்ணைப் பழங்காலப் பனிப்பாறைகள் கொண்டுவந்து போட்டன என்றார். இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் உள்ளடக்கிய கோண்டுவானாப் பெருங்கண்டத்தோடு மலாயாவை இணைத்தார். டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் அதை மறுத்தார். பாறை உளுத்துச் சரிந்த மண்தான் என்று நிறுவினார். களிமண் விஷயத்தில் ஜோன்ஸ் சரி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் லங்காவிப் பக்கத்துப் பாறைகளில் பனி சுமந்து வந்து கடலில் போட்ட கற்களைக் கண்டார்கள். பெந்தோங், ரவூப் வழியாக ஒரு பழைய கடல் மூடிய தழும்பு ஓடுகிறது. அதற்கு மேற்கே உள்ள நிலம் கோண்டுவானாவிலிருந்து பிரிந்து வந்த துண்டு என்பது இன்று நிலவியலின் பொதுப் பாடம். ‘சிபுமாசு’ என்று அதற்குப் பெயர். காஜாங் அந்தத் துண்டில் இருக்கிறது. பரங்கிமலையும் காஜாங்கும் ஒரே பெருங்கண்டத்தின் சிதறல்கள். சான்று தவறாக இருந்தும் ஸ்க்ரிவனரின் கண் சரியான திசையில்தான் பார்த்திருக்கிறது. அவருக்கு அந்த மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நிலவியல் படத்தில் நம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பாறைப் பெயர்களாகவே இருக்கின்றன: கோலாலம்பூர் சுண்ணாம்புப் பாறை, கென்னி ஹில் படிவம், காஜாங் படிவம். சுண்ணாம்புப் பாறைக்கு வயது 40 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதைப் பற்றித் தெரிந்துகொள்வது சுரங்கக்காரர்களோடு முடிந்துபோன வேலை அல்ல. சுங்கை பூலோ - காஜாங் எம்ஆர்டி பாதை 2017 ஜூலை 17இல் முழுமையாகத் திறந்தது. 51 கிலோமீட்டரில் ஒன்பதரை கிலோமீட்டர் நிலத்தடி. மேற்குப் பகுதியில் கென்னி ஹில் மண். கிழக்கே வந்ததும் குகையும் ஓட்டையுமான சுண்ணாம்புப் பாறை. குடையும்போது முன்னால் வெற்றிடம் வந்தால் மேலே சாலை இறங்கிவிடும். அதற்காகவே குழம்பின் அடர்த்தியை மாற்றிக்கொண்டு குடையும் இயந்திரத்தை உலகில் முதல்முறையாக இங்கே இறக்கினார்கள். 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையின் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை விழுங்கியது. நாட்கணக்கில் தேடியும் அவர் கிடைக்கவில்லை. 1993 டிசம்பர் 11இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். காரணங்கள் வேறு வேறு. ஆனால் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியைச் சாவுக்குப் பிறகு கேட்பது நமக்குப் பழக்கமாகிவிடக் கூடாது. கனிமவளம், புவி அறிவியல் துறையின் படங்கள் வீடு வாங்குபவர் கண்ணிலும் பட வேண்டும்.

கடலடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது தனி வாரத்துக்குரியது. மலாக்கா நீரிணை ஆழமற்றது. பனியுகத்தின் உச்சத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோது சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். சுந்தா மேடையில் மூழ்கிக் கிடக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை, ஆழம் பார்த்த எண்களிலிருந்து வரைந்து காட்டினார் டச்சு நிலவியலாளர் மோலென்கிராஃப், நூறாண்டுகளுக்கு முன்னால். கடலடி நிலத்துக்கும் உரிமை கொண்டாடும் காலம் பிறகு வந்தது: 1966இல் மலேசியா கண்டத்திட்டுச் சட்டம் இயற்றியது, 1979 டிசம்பரில் கடல் எல்லைகளைக் காட்டும் புதிய வரைபடத்தை வெளியிட்டது. அண்டை நாடுகளோடு அந்தப் படத்தால் எழுந்த வழக்குகள் சில இன்னும் தீரவில்லை.

மீண்டும் நிலப்படத்துக்கு வருவோம். 2003 ஆகஸ்டில் நில அளவைத் துறை எவரெஸ்டை விட்டு, செயற்கைக்கோள் காலத்துப் பூமி வடிவத்துக்கு மாறியது. இந்திய உடம்புக்குத் தைத்த சட்டையை நெடுங்காலம் போட்டுக்கொண்டிருந்தோம் என்று சொல்லலாம். புதிய கணக்கில் பூமியின் அரைவிட்டம் 833 மீட்டர் கூடுதல். கைப்பேசி காட்டும் எண்ணை அப்படியே பழைய காஜாங் படத்தில் குறித்தால், நீங்கள் நிற்கும் இடம் 150 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். புதிய வலை வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் தீபகற்பத்தையே மேற்கே இழுத்தது. லங்காவி சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. கோலாலம்பூர் பக்கம் அதைவிடக் குறைவு. அடுத்தடுத்த சுமத்ரா நடுக்கங்களையும் சேர்த்து 2009இல் எல்லாப் புள்ளிகளையும் திருத்தி எழுதினார்கள்.

இவ்வளவு நுட்பமாக அளந்த படத்தில் யார் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தின் வெளியெல்லை ஓரடி பிசகாமல் பிளானில் இருக்கும். உள்ளே லயத்து வீடுகள் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்களாக நிலப்படத்தில் இருக்கும். ஆனால் அந்தக் கட்டங்களில் எதற்கும் தனி எண் இல்லை, தனிக் கிராண்டு இல்லை. மூன்று தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தாலும் பதிவேட்டில் ஒரே பெயர்தான், கம்பெனியின் பெயர். டோரன்ஸ் முறைக்கு உழைப்பு தெரியாது. பதிவேட்டில் இருக்கும் பெயர் மட்டும்தான் தெரியும். காஜாங்குக்குப் பக்கத்தில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. 1921இல் தொடங்கி, பிபி என்ற முன்னெழுத்தோடு உலகமெங்கும் போன ரப்பர் இனங்களை உருவாக்கிய தோட்டம். அதன் மேல்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. பிராங் பெசார், செட்ஜ்லி, காலவே, மெடிங்லி என்ற நான்கு தோட்டங்களின் குடும்பத்தார் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சுவர்களில் விரிசல் விழுந்தது. தங்களுக்கென்று தரைவீடு கேட்டு அவர்கள் போராடியது நீண்ட காலம். நாட்டின் தலைமை நிர்வாக நகரத்தை அளந்து எழுப்பத் தெரிந்த அரசுக்கு, அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்குச் சில ஏக்கர் அளந்து கொடுக்க அவ்வளவு காலம் பிடித்திருக்கக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பூட்டனாரோ நில அளவைத் துறையில் வேலை செய்திருந்தால், அலமாரியில் பழைய பிளான், களப்புத்தகம், கூடாரத்துக்கு முன் எடுத்த படம் ஏதாவது இருக்கலாம். தோட்டத்தில் இருந்தவர்களிடம் லயத்துப் பிளான், பெயர்ப்பட்டியல், கிராணி எழுதிய சீட்டு இருக்கலாம். வீடு மாறும்போது அவற்றைப் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே கொடுங்கள். குறைந்தது ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள். படத்தில் இருக்கும் மனிதர்களின் பெயர் தெரிந்தால், தெரிந்தவர் இருக்கும்போதே பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

(தொடரும்)